பிடிஎஃப்ல கோட் லிஸ்டிங் சொதப்புதா? கண்ணுக்கு எது தெரியுதோ அங்கிருந்து ஆரம்பிங்க

தீசிஸ், மேனுவல், புக்கு, கிளாஸ் நோட்ஸ்னு எதுவா இருந்தாலும் லேடெக்ல, அதாவது எழுத்துல கமாண்ட் கொடுத்து பிடிஎஃப் தயாரிக்கற சாஃப்ட்வேர்ல, கோட் லிஸ்டிங் (பக்கத்துல அச்சாகி வர்ற கோட் துண்டு) போட்டா வர்ற கோளாறு திரும்பத் திரும்ப அதே பத்து பன்னிரண்டுதான். ஆளு வேற, ஃபைல் வேற, ஆனா கோளாறு அதேதான். அதனால அறிகுறி வாரியா எழுதி வைக்கிறேன். உங்க பக்கத்துல என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, மேல இருந்து கீழ வரைக்கும் படிக்கணும்னு இல்ல. ஒவ்வொரு தலைப்புலயும் ஒரு ஆப்ஷன் மாத்தினா போதும்ங்கற காரணம் முதல்ல வரும், பேக்கேஜ் மாத்தறது அப்புறம், எஞ்சினையே (டெக் ஃபைலை பிடிஎஃப் ஆக்கற புரோகிராமை) மாத்தறது கடைசில, தமிழ் கமென்ட் தலைப்பு மட்டும் இதுக்கு விதிவிலக்கு.

ஆப்ஷன் பேரெல்லாம் சத்தத்தை வச்சு தமிழ்லயே எழுதியிருக்கேன், ஃபைல்ல டைப் பண்றப்ப இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல சின்ன எழுத்துல போட்டுக்கோங்க.

ஒரு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லிஸ்டிங் சரியா இருக்குன்னு எப்ப சொல்லலாம்னா, படிக்கறவர் அதை பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணி ஓட்டினா ஓடணும். கலர் எல்லாம் அழகா வந்து, பேஸ்ட் பண்ணா சின்டாக்ஸ் எரர் அடிச்சுதுன்னா வேலை இன்னும் முடியல.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இதைப் பாருங்க

கோட் தனி ஃபைல்ல இருக்கா, இல்ல டெக் ஃபைலுக்குள்ளயே பேஸ்ட் பண்ணி இருக்கா? பேஸ்ட் பண்ணி இருந்தா அதை வெளிய எடுத்து தனி ஃபைலா வச்சு, கோட் போட உதவற ரெண்டு பேக்கேஜ்ல நீங்க வச்சிருக்கறது லிஸ்டிங்ஸ்னா எல்எஸ்டி-இன்புட்-லிஸ்டிங் கமாண்ட்லயும் மின்டட்னா இன்புட்-மின்டட் கமாண்ட்லயும் கூப்பிடுங்க. அந்தத் தனி ஃபைலை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அங்கயே ஓடலன்னா லேடெக்கைத் திட்டி பிரயோஜனம் இல்ல, வேர்டு டாக்குமென்ட்ல இருந்தோ சாட் ஆப்ல இருந்தோ வந்த கோட்ல வளைஞ்ச கோட்டேஷனும், சாதா ஸ்பேஸ் மாதிரியே தெரியற உடையாத ஸ்பேஸும் ஒளிஞ்சிருக்கும், கண்ணால பாத்தா தெரியாது. எடிட்டர்ல யூனிகோட் 00ஏ0 எழுத்தைத் தேடி சாதா ஸ்பேஸா மாத்திடுங்க, பாதி மர்மம் அங்கயே தீந்துடும்.

அடுத்தது லாக் ஃபைல். எடிட்டர் காட்டற கடைசி சிவப்பு வரிய மட்டும் பாக்காதீங்க, முதல் எரர் எதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் வர்றதுல முக்காவாசி அந்த முதல் எரரோட வால்தான்.

அப்புறம் பத்து பதினஞ்சு வரில ஒரு சின்ன டாக்குமென்ட் எழுதி, பிரச்சனை பண்ற அந்த லிஸ்டிங்கை மட்டும் அதுல போட்டு கம்பைல் பண்ணுங்க. அங்க சரியா வந்தா குத்தம் உங்க டெம்ப்ளேட்லயோ வேற பேக்கேஜ்லயோ இருக்கு, அங்கயும் வரலன்னா லிஸ்டிங் செட்டிங்லதான் இருக்கு. இந்த ஒரு டெஸ்ட் பண்ணாம மேல போகாதீங்க.

## அறிகுறி: வரி மார்ஜினைத் தாண்டி வெளிய ஓடுது

ரொம்ப அதிகமா வர்றது இதுதான். லாக்ல ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்னு வார்னிங் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது, வரி பேப்பருக்கு வெளியவே போயிடும்.

முதல் செக்: ஒரு வரில எத்தனை எழுத்து கொள்ளும்னு கணக்குப் போடுங்க. ஆர்ட்டிகிள் கிளாஸ்ல 10 பாயின்ட் போட்டா எழுத்துப் பரப்போட அகலம் 345 பாயின்ட். கம்ப்யூட்டர் மாடர்ன் டைப்ரைட்டர் ஃபான்ட்ல ஒரு எழுத்து 5.25 பாயின்ட், அப்ப வரிக்கு 65 எழுத்து. ஸ்மால் சைஸ் போட்டா 73, ஃபுட்நோட்சைஸ் போட்டா 81. பைத்தானோட ஸ்டைல் கைடான பெப் 8 சொல்ற 79 எழுத்து வரி ஃபுட்நோட்சைஸ்ல மட்டும்தான் அடங்கும், அதுவும் உள்தள்ளலோ ஃபிரேமோ இல்லாம இருந்தா.

ஆனா லிஸ்டிங்ஸ் பேக்கேஜை அப்படியே டீஃபால்ட்ல விட்டா இந்தக் கணக்கு தப்பும், ஏன்னா அது ஒவ்வொரு எழுத்துக்கும் 0.6 எம் அகலம் ஒதுக்கும் (எம்ங்கறது ஃபான்ட் சைஸோட சேந்து மாறற ஒரு அளவு), அந்த ஃபான்ட்டுக்கு நிஜமா தேவை 0.5 எம்தான். அதனால 65 எழுத்து கொள்ற வரில 54தான் கொள்ளும். பேஸ்விட்த் ஆப்ஷனை 0.5 எம்னு வச்சுட்டு மறுபடி கம்பைல் பண்ணுங்க, நிறைய பேருக்கு பிரச்சனை இங்கயே முடிஞ்சுடுது, ஃபான்ட்டைக் குறைக்க வேண்டிய அவசியமே வராது.

இன்னும் ஓடினா: பிரேக்லைன்ஸ் ஆப்ஷனை ட்ரூ பண்ணுங்க, லிஸ்டிங்ஸ்லயும் இருக்கு, மின்டட்லயும் இருக்கு. உடைஞ்ச வரிக்கு முன்னாடி ஒரு சின்ன வளைஞ்ச அம்பு வர்ற மாதிரி லிஸ்டிங்ஸ்ல போஸ்ட்பிரேக் ஆப்ஷன் வச்சுக்கறது நல்லது, இல்லன்னா எது புது வரி எது உடைஞ்ச வரின்னு படிக்கறவருக்குத் தெரியாது. ஆனா அந்த அம்பு காப்பி பண்றப்ப கூடவே வரும்ங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பிரேக்லைன்ஸ் போட்டும் ஒரு வரி மட்டும் அடம்பிடிச்சா: அந்த வரில நடுவுல குறியோ ஸ்பேஸோ இல்லாத நீள ஸ்ட்ரிங் இருக்கும், பெரிய ஹாஷ், டோக்கன், பேஸ்64 சமாச்சாரம் மாதிரி. லிஸ்டிங்ஸ் அதை ஒரே வார்த்தைன்னு நினைச்சு உடைக்காது. மின்டட்ல பிரேக்எனிவேர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது எங்க வேணா உடைக்கும். லிஸ்டிங்ஸ்லயே இருக்கணும்னா அந்த ஸ்ட்ரிங்கை மூலத்துலயே துண்டாக்குங்க.

சொல்லப்போனா என் சிபாரிசு எப்பவும் மூலத்துல கையால உடைக்கறதுதான். பைத்தான்னா அடைப்புக்குறிக்குள்ள வரியை மடக்கலாம், ஷெல்னா வரி முடிவுல பேக்ஸ்லாஷ் போடலாம், எஸ்க்யூஎல்னா எங்க வேணா அடுத்த வரிக்குப் போகலாம். இப்படி உடைச்சா காப்பி பண்ணாலும் ஓடும், படிக்கவும் நல்லா இருக்கும், எங்க உடையணும்னு நீங்களே முடிவு பண்ணதா இருக்கும். தானா உடைக்க விட்டா ஒரு கன்டிஷனோட நடுவுல கொண்டு போய் உடைச்சு வச்சிருக்கும்.

லைன் நம்பர் மார்ஜின்ல வெட்டுப்பட்டா அது வேற கதை, எக்ஸ்-லெஃப்ட்-மார்ஜின் 2 எம் கொடுங்க. அதே 2 எம்முக்கு ஏத்த மாதிரி மேல சொன்ன எழுத்துக் கணக்கும் குறையும்.

## அறிகுறி: எழுத்தெல்லாம் தள்ளித் தள்ளி நிக்குது

இதுவும் லிஸ்டிங்ஸோட அந்த 0.6 எம் வேலைதான். காலம்ஸ் ஆப்ஷன் டீஃபால்ட்டா ஃபிக்ஸட்ல இருக்கும். டைப்ரைட்டர் ஃபான்ட் இல்லாம சாதா ஃபான்ட்ல கோட் போட்டா இன்னும் கேவலமா இருக்கும், இங்கிலீஷ் எம் எழுத்து நெருக்கியும் ஐ எழுத்து தனியாவும் நிக்கும்.

ரெண்டு வழி. டைப்ரைட்டர் ஃபான்ட்னா பேஸ்விட்த் 0.5 எம், அவ்வளவுதான். இல்லன்னா காலம்ஸை ஃபுல்ஃப்ளெக்சிபிள்னு மாத்தி கூடவே கீப்ஸ்பேசஸ் ட்ரூ போடுங்க. கீப்ஸ்பேசஸை விட்டுட்டு ஃபுல்ஃப்ளெக்சிபிளை மட்டும் போடாதீங்க, நடுவுல ஸ்பேஸ் வச்சு நேர்கோட்டுல நிறுத்தின சமக்குறியெல்லாம் கலைஞ்சு போகும்.

## அறிகுறி: ஸ்ட்ரிங்குக்குள்ள ஸ்பேஸ் இருக்கற இடத்துல ஒரு குழி மாதிரி குறி வருது

ஷோ-ஸ்ட்ரிங்-ஸ்பேசஸ் ஆப்ஷனை ஃபால்ஸ் பண்ணுங்க. லிஸ்டிங்ஸ்ல டீஃபால்ட்டே ட்ரூதான். வேற காரணம் கிடையாது.

## அறிகுறி: பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணா ஓடல

இதை நிறைய பேர் டெஸ்ட்டே பண்றதில்ல, அதனாலதான் அச்சுல போன புக்குல கூட இது தங்கிடுது. ஒரு லிஸ்டிங்கை காப்பி பண்ணி புது ஃபைல்ல ஒட்டி, மூல ஃபைலோட டிஃப் போட்டுப் பாருங்க. எது மாறியிருக்கோ அதைப் பொறுத்து கீழ போங்க.

### கோட்டேஷன் வளைஞ்சு வந்தா

லிஸ்டிங்ஸ்னா அப்கோட் ஆப்ஷனை ட்ரூ பண்ணுங்க, பழைய லேடெக்னா கூடவே டெக்ஸ்ட்காம்ப் பேக்கேஜும் வேணும், 2020 பிப்ரவரிக்கு அப்புறம் வந்த லேடெக்ல அது கெர்னலுக்குள்ளயே வந்துடுச்சு. சாதா வெர்பேட்டிம்னா அப்கோட்ங்கற பேர்லயே ஒரு பேக்கேஜ் இருக்கு. மின்டட்ல இது தானா நடக்கும்.

ஸீலேடெக், லுவாலேடெக்ங்கற எஞ்சின்ல வந்தா ப்ரியாம்பிள்ல, அதாவது ஃபைல் ஆரம்பத்துல செட்டிங் எழுதற பகுதில, டீஃபால்ட்-ஃபான்ட்-ஃபீச்சர்ஸ் வரியைத் தேடுங்க. அதுல லிகேச்சர்ஸ் ஈக்வல் டெக்னு எல்லா ஃபான்ட்டுக்கும் சேத்து போட்டிருந்தா மோனோ ஃபான்ட்டுக்கும் அது ஒட்டிக்கும், கோட்டேஷன் வளையும், ரெட்டை ஹைஃபன் ஒரே நீள கோடா மாறும். கமாண்ட் லைன் ஆப்ஷன் எழுதற டாக்குமென்ட்ல இது நடந்தா படிக்கறவர் டைப் பண்ற எந்த கமாண்டும் வேலை செய்யாது. அந்த வரியை ரோமன் ஃபேமிலிக்கும் சான்ஸ் ஃபேமிலிக்கும் மட்டும்னு குறுக்கிடுங்க.

### மைனஸ் குறி நீளமா, கணக்குப் பாடத்துல வர்ற மாதிரி வந்தா

லிஸ்டிங்ஸ் ஒரு வேலை பண்ணும். இப்ப நடப்புல இருக்கற ஃபான்ட், டாக்குமென்ட்டோட டீஃபால்ட் டைப்ரைட்டர் ஃபான்ட்தானான்னு பாக்கும், இல்லன்னா ஹைஃபனைக் கணித மைனஸா மாத்திடும். அதனால பேசிக்ஸ்டைல்ல ஃபான்ட்ஃபேமிலி கமாண்ட் வச்சு நேரா வேற ஃபான்ட்டைக் கூப்பிடாதீங்க, டாக்குமென்ட்டோட டிடி டீஃபால்ட்டையே அந்த ஃபான்ட்டா மாத்திட்டு பேசிக்ஸ்டைல்ல டிடிஃபேமிலி மட்டும் போடுங்க. அது முடியலன்னா லிட்டரேட் ஆப்ஷன்ல ஹைஃபனுக்கு ஹைஃபனே வரணும்னு எழுதி வைக்கலாம்.

### நாட்-ஈக்வல், அம்புக்குறி எல்லாம் ஒரே எழுத்தா சேந்து வந்தா

ஃபான்ட்டோட வேலை. ஃபிரா கோட் மாதிரி ஃபான்ட்ல புரோகிராமிங் லிகேச்சர் இருக்கும், எடிட்டர்ல நல்லாத்தான் இருக்கும். அச்சுல புதுசா படிக்கறவருக்கு எதை டைப் பண்ணணும்னே புரியாது. ஃபிரா மோனோ மாதிரி லிகேச்சர் இல்லாத ஃபான்ட்டுக்கு மாறிடுங்க.

### உள்தள்ளல் காணாம போனா

இதுக்கு முழு மருந்து இல்ல, நேராவே சொல்லிடறேன். லேடெக் எழுதற பிடிஎஃப்ல ஸ்பேஸ்ங்கறது பெரும்பாலும் எழுத்தா இருக்காது, வெறும் இடைவெளியாத்தான் இருக்கும், வியூவர் அதைப் பாத்து இங்க ஸ்பேஸ் இருக்கணும்னு யூகிக்கும். வார்த்தைக்கு நடுவுல வர்றதை ஓரளவு சரியா யூகிக்கும், வரி ஆரம்பத்துல இருக்கறதை விட்டுடும். சி, ஜாவான்னா பரவால்ல, பைத்தானும் யாமலும் செத்துப்போகும். ஒரு வியூவர்ல சரியா வந்ததுன்னு நம்பாதீங்க, இன்னொண்ணுல வராது.

ஃபுல்ஃப்ளெக்சிபிளும் கீப்ஸ்பேசஸும் போட்டா வார்த்தை நடுவுல தேவையில்லாத ஸ்பேஸ் விழறது நிக்கும். உள்தள்ளலுக்கு நான் செய்யறது, மூல ஃபைலையே பிடிஎஃப்க்குள்ள இணைச்சுடறது. அட்டாச்ஃபைல், எம்பெட்ஃபைல்னு ரெண்டு பேக்கேஜ் இருக்கு. முதலாவது பக்கத்துலயே ஒரு ஐகான் வைக்கும், ரெண்டாவது சத்தமில்லாம பிடிஎஃப்ல சேக்கும், அட்டாச்மென்ட் பேனல் இருக்கற வியூவர்ல எடுத்துக்கலாம். படிக்கறவர் ஓடற கோட் ஃபைலையே எடுத்துக்குவார், வியூவர் யூகத்தை நம்ப வேண்டியதில்ல.

### லைன் நம்பரும் சேந்து காப்பி ஆனா

ஆக்சப் பேக்கேஜ் வச்சு நம்பருக்கு ஆக்சுவல் டெக்ஸ்ட் (காப்பி பண்றப்ப வர வேண்டிய எழுத்து) காலின்னு சொல்லலாம். அக்ரோபேட்ல வேலை செய்யும், எல்லா வியூவர்லயும் செய்யாது. என்னைக் கேட்டா நம்பர் தேவையான லிஸ்டிங்குக்கு மட்டும் போடுங்க. விளக்கத்துல ஏழாவது வரின்னு எங்கயும் சொல்லலன்னா அந்த நம்பர் எதுக்கு?

## அறிகுறி: தமிழ் கமென்ட் கட்டமா வருது, கலைஞ்சு வருது, இல்ல வரவே இல்ல

நமக்கு ரொம்ப அவசியமானது இது, தமிழ்ல புரோகிராமிங் சொல்லித்தர்றவங்க எல்லாரும் இங்க வந்து முட்டிக்கறாங்க, பல பேரு வெறுத்துப்போய் கமென்ட்டை இங்கிலீஷுக்கு மாத்திடறாங்க. மாத்த வேண்டாம், வழி இருக்கு.

பிடிஎஃப்-லேடெக்ல கம்பைல் பண்றீங்கன்னா அங்கயே நிறுத்துங்க. தமிழுக்கு அது சரிவராது. தப்பான யூடிஎஃப்-8 பைட்டுனு எரர் வரும், லிஸ்டிங்ஸ்-யூடிஎஃப்8 பேக்கேஜ் போடச் சொல்லி யாராவது சொல்வாங்க, அது 8 பிட் என்கோடிங்ல அடங்கற எழுத்துக்கு மட்டும்தான், பிரெஞ்சு ஜெர்மன் ஆக்சென்ட்டுக்கு உதவும், தமிழுக்கு உதவாது. லுவாலேடெக்குக்கு மாறுங்க.

மாறினதுக்கப்புறம் எழுத்து இடம் மாறி வந்தா, அதாவது வார்த்தைல பின்னாடி இருக்க வேண்டியது முன்னாடி வந்து நின்னு, கால் கொம்பெல்லாம் தனியா பிரிஞ்சு கிடந்தா, அது லிஸ்டிங்ஸ் பேக்கேஜோட குறை. 255க்கு மேல இருக்கற எழுத்தை அது வரிசைல வச்சுக்காம முன்னாடியே தள்ளிவிடும். ஒண்ணு ரெண்டு கமென்ட்னா எஸ்கேப்-இன்சைட் ஆப்ஷன் வச்சு அந்தத் தமிழ் துண்டை மட்டும் சாதா லேடெக்கா எழுதிடலாம். ஆனா அப்படி எழுதினா மூல ஃபைல்ல எஸ்கேப் குறி வந்துடும், அதுவும் கமென்ட்டுக்குள்ள இருந்தா ஓடறதுக்கு தடையில்ல. நிறைய தமிழ் இருந்தா மின்டட்டுக்கு மாறுங்க, அதுக்குப் பின்னால கோட்டுக்குக் கலர் போடற பிக்மென்ட்ஸ் புரோகிராமுக்கு யூனிகோட் பிரச்சனை இல்ல.

எழுத்து வரிசை சரி, ஆனா வெறும் கட்டம் இல்ல காலி இடம்னா ஃபான்ட்ல தமிழ் இல்ல. லாக்ல மிஸ்ஸிங் கேரக்டர்னு தேடுங்க, வரிசையா இருக்கும். கோட் எழுதற மோனோ ஃபான்ட்ல பெரும்பாலும் தமிழ் எழுத்து கிடையாது. லுவாலேடெக்ல ஃபால்பேக் வைக்கலாம், அதாவது ஒரு ஃபான்ட்ல இல்லாத எழுத்தை இன்னொரு ஃபான்ட்ல இருந்து எடுக்கச் சொல்லலாம். லுவா-ஓடிஎஃப்லோட்ல ஆட்-ஃபால்பேக்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுல நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு ஃபான்ட்டைக் கொடுத்து ஒரு பேர் வச்சுட்டு, மோனோ ஃபான்ட் செட் பண்ற வரில ரா-ஃபீச்சர்ல (இதுல மட்டும் ஆர், எஃப் ரெண்டும் பெரிய எழுத்து) அந்தப் பேரைச் சொல்லணும். ஸீலேடெக்ல இந்த வசதி இல்ல, யூ-கேர்-கிளாசஸ் பேக்கேஜ் வச்சு எழுத்துத் தொகுதி வாரியா ஃபான்ட்டை மாத்த வேண்டி வரும்.

தமிழ் தெரியுது, ஆனா கொ, கௌ எல்லாம் உடைஞ்சு தெரிஞ்சா ஃபால்பேக் வரில மோட் ஹார்ஃப், ஸ்கிரிப்ட் தமிழ் ரெண்டும் இருக்கான்னு பாருங்க. லேடெக் இன்ஸ்டால் பண்ற தொகுப்பான டெக் லைவ்ல 2020ல இருந்து லுவாலேடெக், எழுத்தைச் சேத்து வடிவமைக்கற ஹார்ஃப்பஸோடதான் வருது, அதுக்கு முந்தின இன்ஸ்டாலேஷன்னா புதுசாக்குங்க.

இன்னொண்ணு. தமிழ் எழுத்து எல்லாம் ஒரே அகலம் கிடையாது, அதனால கோட் வரி முடிவுல கமென்ட் போட்டு அடுத்தடுத்து நேர்கோட்டுல நிறுத்தணும்னு பாடுபடாதீங்க. கமென்ட்டைத் தனி வரில, கோட்டுக்கு மேல வைங்க. வரி நீளமும் குறையும்.

## அறிகுறி: மின்டட் போட்டதும் கம்பைலே ஆகல

ஷெல் எஸ்கேப் ஃப்ளாக் வேணும்னு எரர் வந்தா, உங்க மின்டட் எந்த வெர்ஷன்னு முதல்ல லாக்ல பாருங்க. 2024ல மூணாவது வெர்ஷன் வந்துச்சு, டெக் லைவ் 2024ல இருந்து அதோட லேடெக்மின்டட் புரோகிராமை நம்பகமான பட்டியல்லயே சேத்துட்டாங்க, ஃப்ளாக் இல்லாமலே ஓடும். பழைய வெர்ஷன்னா ஷெல் எஸ்கேப் கொடுத்துதான் ஆகணும். யாரோ அனுப்பின டெக் ஃபைலுக்கு அதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாத்துடுங்க, அந்த ஃப்ளாக் போட்டா டாக்குமென்ட் உங்க மெஷின்ல எந்த கமாண்டையும் ஓட்டலாம். அப்டேட் பண்ண முடியும்னா மூணாவது வெர்ஷனுக்குப் போறதுதான் நல்லது.

ஃப்ளாக் கொடுத்தும் வரலன்னா டெர்மினல்ல பிக்மென்டைஸ்னு அடிச்சு வெர்ஷன் கேளுங்க. பதில் வரலன்னா பிக்மென்ட்ஸ் இல்ல, இன்ஸ்டால் பண்ணுங்க. டெர்மினல்ல பதில் வருது, எடிட்டர்ல இருந்து கம்பைல் பண்ணா மட்டும் வரலன்னா பாத் பிரச்சனை, எடிட்டருக்கு அந்த ஃபோல்டர் தெரியல. ஒரு தடவை டெர்மினல்ல நேரா கம்பைல் பண்ணிப் பாத்தா சந்தேகம் தீந்துடும்.

அவுட்புட் ஃபோல்டர் தனியா வச்சிருந்தா பழைய மின்டட்டுக்கு அவுட்புட்டிர் ஆப்ஷன்ல அதைச் சொல்லணும். கோட் மாத்தியும் பழசே வந்தா மின்டட் உருவாக்கின கேஷ் ஃபோல்டரை அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க.

ஜர்னலுக்கோ பிரசுரத்துக்கோ அனுப்பறப்ப அவங்க சர்வர்ல ஷெல் எஸ்கேப் இல்லாம போகலாம். அதுக்குத்தான் ஃப்ரோசன்கேஷ் ஆப்ஷன், கேஷ் ஃபோல்டரையும் சேத்து அனுப்பினா பிக்மென்ட்ஸ் இல்லாமலே கம்பைல் ஆகும்.

## அறிகுறி: கோட்ல அங்கங்க சிவப்புக் கட்டம்

மின்டட்ல மட்டும் வரும். பிக்மென்ட்ஸுக்கு அந்த எழுத்து புரியலன்னு அர்த்தம். மொழிப் பேர் சரியா கொடுத்திருக்கீங்களான்னு பாருங்க. அது சரின்னா கோட்லயே மூணு புள்ளி வச்சு மிச்சம் இருக்குன்னு காட்டியிருப்பீங்க, அதை அது தப்புன்னுதான் சொல்லும், சரியாத்தான் சொல்லுது. கட்டத்தை மறைக்க எஃப்கலர்பாக்ஸ் கமாண்டை மாத்தி எழுதற வித்தை ஒண்ணு உலாவுது, அதை எடுத்ததும் போடாதீங்க, நிஜமாவே எழுத்துப்பிழை இருந்தா அதையும் சேத்து மறைச்சுடும்.

பிஎச்பி கோட் மொத்தமும் கலரே இல்லாம வந்தா ஆரம்ப டேக் இல்லாததுதான் காரணம், ஸ்டார்ட்இன்லைன் ட்ரூ போடுங்க.

## அறிகுறி: கீவேர்டு போல்டா வரல, இல்ல கலர் வரல

போல்ட் வரலன்னா ஃபான்ட். கம்ப்யூட்டர் மாடர்ன் டைப்ரைட்டர்ல வழக்கமான போல்ட் கிடையாது, லாக்ல ஃபான்ட் ஷேப் இல்லன்னு ஒரு குறிப்பு இருக்கும். பெராமோனோ இல்ல இன்கன்சோலாட்டா பேக்கேஜ் போட்டா வந்துடும்.

லிஸ்டிங்ஸ்ல மொழியே லோட் ஆகலன்னு எரர் வந்தா, அது அந்த மொழியை அறியாது. ஜாவாஸ்கிரிப்ட்டே அதோட பட்டியல்ல இல்ல. எல்எஸ்டி-டிஃபைன்-லேங்குவேஜ் வச்சு கீவேர்டு, கமென்ட் குறி, ஸ்ட்ரிங் குறி மூணும் சொல்லிட்டா போதும், அரை மணி நேர வேலை. மூணு நாலு புது மொழி தேவைப்பட்டா அந்த வேலையே பண்ணாம மின்டட்டுக்குப் போயிடுங்க.

## அறிகுறி: பீமர் ஸ்லைடுல கோட் போட்டதும் சம்பந்தமே இல்லாத எரர்

ஃபைல் முடிஞ்சுடுச்சு, ரன்அவே ஆர்க்யுமென்ட்னு ஏதேதோ வரும், லைன் நம்பரும் எங்கயோ காட்டும். அந்த ஃபிரேமுக்கு ஃபிராஜைல் ஆப்ஷன் கொடுங்க. கொடுத்தும் வந்தா ஃபிரேமை முடிக்கற எண்ட் வரியைப் பாருங்க, அது தனி வரில இருக்கணும், முன்னாடியும் பின்னாடியும் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, கமென்ட் கூட வேண்டாம். நீங்களே ஃபிரேமைச் சுத்தி ஒரு என்விரான்மென்ட் எழுதியிருந்தா அதோட பேரை என்விரான்மென்ட் ஆப்ஷன்ல சொல்லணும்.

ஃபுட்நோட், கேப்ஷன், நீங்க எழுதின மேக்ரோ இதுக்குள்ள எல்லாம் வெர்பேட்டிம் போட்டாலும் இதே கதைதான். ஒரு வார்த்தைன்னா டெக்ஸ்ட்-டிடி போட்டு ஸ்பெஷல் எழுத்துக்கு பேக்ஸ்லாஷ் வைங்க. பெருசுன்னா ஃபுட்நோட்ல இருந்து வெளிய எடுங்க, நாலு வரி கோட் ஃபுட்நோட்ல இருந்தா யாரும் படிக்கப் போறதில்ல.

## அறிகுறி: லிஸ்டிங் பக்கம் தாண்டி உடையல, இல்ல உடையக்கூடாத இடத்துல உடையுது

உடையாம கீழ வெட்டுப்பட்டுப் போனா அதைச் சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க. ஃப்ளோட் ஆப்ஷன் (லேடெக் தானா இடம் பாத்து நகர்த்தி வைக்கறது) இருக்கா, மின்டட்டோட லிஸ்டிங் என்விரான்மென்ட் இருக்கா, மினிபேஜ் இருக்கா? இதுல எதுவுமே ரெண்டு பக்கத்துல பரவாது. ஃப்ளோட்டை எடுத்துடுங்க, லிஸ்டிங்ஸ்ல ஃப்ளோட் இல்லாமலே கேப்ஷன் வரும், மின்டட்னா கேப்ஷன் பேக்கேஜோட கேப்ஷன்-ஆஃப் கமாண்ட் இருக்கு. பழைய மின்டட்ல பின்னணி கலர் கொடுத்தாலே உடையாது.

அஞ்சு வரி கோட் ரெண்டு பக்கமா பிரிஞ்சா அதுக்கு முன்னாடி நீட்ஸ்பேஸ் பேக்கேஜ் வச்சு எட்டு வரி இடம் கேளுங்க. இதை டாக்குமென்ட் முழுக்க முடிஞ்சதுக்கப்புறம் கடைசில பண்ணுங்க, நடுவுல பண்ணா ஒரு பத்தி சேத்ததும் எல்லாம் மாறிடும்.

பின்னணி கலர்ல வரிக்கு வரி மெல்லிசா வெள்ளைக் கோடு தெரிஞ்சா, லிஸ்டிங்ஸ் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா கலர் அடிக்கறதுதான் காரணம். ஜூம் மாத்திப் பாருங்க, கோடு வந்து வந்து போச்சுன்னா அது திரையோட வேலை, அச்சுல பெரும்பாலும் தெரியாது. உறுத்தலா இருந்தா டிகலர்பாக்ஸோட லிஸ்டிங்ஸ் லைப்ரரிக்கு மாறுங்க, மொத்தமா ஒரே பெட்டி அடிக்கும், பிரேக்கபிள் லைப்ரரியும் சேத்தா பக்கம் தாண்டியும் உடையும்.

## அறிகுறி: கோட் மொத்தமும் வலப்பக்கம் தள்ளி ஆரம்பிக்குது

டெக் ஃபைல்ல அழகா உள்தள்ளி எழுதியிருப்பீங்க, அந்த ஸ்பேஸும் கோட்னு எடுத்துக்கும். மின்டட்ல ஆட்டோகாபிள், லிஸ்டிங்ஸ்ல எல்எஸ்டி-ஆட்டோகாபிள் பேக்கேஜ். தனி ஃபைல்ல இருந்து ஏழாவது வரில இருந்து இருபதாவது வரி வரைக்கும்னு எடுத்தாலும் இதுதான் மருந்து. சில வரி மட்டும் ரொம்பத் தள்ளினா அதுல டேப் இருக்கு, லிஸ்டிங்ஸ்ல ஒரு டேப்புக்கு எட்டு இடம் டீஃபால்ட். டேப்சைஸை நாலுன்னு வைக்கலாம், ஆனா மூலத்துல டேப்பை ஸ்பேஸா மாத்தறதுதான் நிலையான வழி. மேக்ஃபைல் மட்டும் விதிவிலக்கு, அதுல டேப் இருந்தாதான் ஓடும், அதனால மூலத்தை மாத்தாம டேப்சைஸை மட்டும் மாத்துங்க, அந்த ஃபைலைக் கட்டாயம் பிடிஎஃப்ல அட்டாச் பண்ணுங்க.

## எப்ப விஷயம் தெரிஞ்சவரைக் கூப்பிடணும்

சின்ன டாக்குமென்ட்ல சரியா வர்ற லிஸ்டிங், பல்கலைக்கழக டெம்ப்ளேட்லயோ பதிப்பகத்தோட கிளாஸ் ஃபைல்லயோ போட்டதும் கெடுதுன்னா அந்த கிளாஸ் ஃபைலைத் திறந்து நீங்களே மாத்தாதீங்க. நீங்க மாத்தினது அவங்ககிட்ட இருக்காது, அவங்க கம்பைல் பண்றப்ப பழைய கோளாறு அப்படியே வரும். அந்த டெம்ப்ளேட்டைப் பராமரிக்கறவங்களுக்கு எழுதுங்க.

அக்சஸிபிள் பிடிஎஃப், அதாவது ஸ்க்ரீன் ரீடர் படிக்கற மாதிரி டேக் போட்ட பிடிஎஃப் கேட்டாங்கன்னாலும் ஒரு டைப்செட்டர்கிட்ட போங்க, கோட் லிஸ்டிங்குக்கு அது லேசான வேலை இல்ல. அதே மாதிரி அச்சகத்துல ஃபான்ட் எம்பெட் ஆகலன்னு ஃபைலைத் திருப்பி அனுப்பினா, பிடிஎஃப்ஃபான்ட்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை ஓட்டி எந்த ஃபான்ட்டுக்கு நோன்னு வருதுன்னு குறிச்சுக்கோங்க. அந்த ஃபான்ட்டை மாத்தியும் நோ போகலன்னா அச்சகத்தோட பிரீபிரஸ் ஆளுகிட்ட நேரா பேசிடுங்க.

கூப்பிடறப்ப கையில என்ன கொடுக்கணும்னா, அந்தப் பதினஞ்சு வரி டெக் ஃபைல், கோட் இருக்கற தனி ஃபைல், முழு லாக், எந்த எஞ்சின், எந்த வருஷத்து டெக் லைவ். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்பினா அவங்க முதல்ல கேக்கப் போறது இந்த அஞ்சையும்தான்.